எஃப்பிவி டிரோன்: முதல்ல ரிமோட் வாங்குங்க, டிரோன் அப்புறம்

பர்கூர்ல இன்ஜினியரிங் படிக்கிற ஒரு தம்பி மெயில் போட்டிருந்தார். "அண்ணா, நாப்பதாயிரம் சேத்து வெச்சிருக்கேன். 5 இன்ச் எஃப்பிவி வாங்கிடலாமா?" இதே கேள்வி வேற வேற ஊர்ல இருந்தும் வந்துக்கிட்டே இருக்கு, அதனால இன்னைக்கு எபிசோட் முழுக்க இதுதான். என் பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி.

தெரியாதவங்களுக்கு: எஃப்பிவின்னா டிரோன்ல இருக்கிற கேமரா பாக்கறதை நீங்க கண்ணுல மாட்டியிருக்கிற காகிள்ஸ்ல நேரடியா பாத்துக்கிட்டே ஓட்டறது. 2021 மார்ச்ல அமெரிக்காவுல மினியாபோலிஸ் நகரத்து பவுலிங் கூடத்துக்குள்ள ஒரே ஷாட்ல எடுத்த வீடியோ உலகம் முழுக்க ஓடுச்சே, அது இந்த வகைதான். கல்யாண வீட்டுல மேல நின்னு படம் எடுக்குமே, அந்த டிரோன்ல ஸ்டிக்கை விட்டா அது அப்படியே அந்தரத்துல நிக்கும். எஃப்பிவி நிக்காது.

ஏன் நிக்காது? இதுல ஓட்டறது பெரும்பாலும் ஆக்ரோ மோட். ஸ்டிக்கை முன்னாடி தள்ளினா டிரோன் முன்னாடி சாயும். கையை எடுத்தா நேராகாது, சாஞ்ச கோணத்துலயே போய்க்கிட்டு இருக்கும். திருப்பி நிமித்த வேண்டியது நீங்கதான். உயரம், கோணம், திசைன்னு எல்லாத்தையும் ரெண்டு கட்டைவிரல் ஒரே நேரத்துல கவனிக்கணும். இது புத்திக்குப் புரிஞ்சா போதாது, விரலுக்குப் பழகணும். டிவிஎஸ் 50 ஓட்டாதவன் கையில ஆர்எக்ஸ் 100 கொடுத்தா என்ன ஆகும்னு ஓசூர் பக்கத்து ஆளுங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால முதல் செலவு ரிமோட் மட்டும். ரேடியோமாஸ்டர் பாக்கெட் மாதிரி ஒண்ணு, ஈஎல்ஆர்எஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ். சுமார் ஆறேழாயிரம் ஆகும். யூஎஸ்பி கேபிள்ல லேப்டாப்போட இணைச்சா ஜாய்ஸ்டிக் ஆயிடும். லிஃப்ட்ஆஃப், வெலாசிடிரோன் மாதிரி ஒரு சிமுலேட்டர் போட்டு, முதல் நாள்ல இருந்தே ஆக்ரோவுல ஓட்டுங்க. தினம் அரை மணி நேரம், ஒரு மாசம். நூறு தடவை மோதுவீங்க, ஒரு ரூபா செலவாகாது. ஒரு மாசம் கழிச்சு போரடிச்சா ரிமோட்டை வித்துடலாம். நாப்பதாயிரம் பத்திரமா இருக்கும்.

அடுத்தது டைனி ஹூப். உள்ளங்கை அளவு, பேட்டரியோட சேத்து முப்பது கிராம் சுமார், இறக்கையைச் சுத்தி பிளாஸ்டிக் வளையம். வீட்டுக்குள்ளயே ஓட்டலாம், ஃபேனை மட்டும் நிறுத்திடுங்க. வெளியில காலையில காத்து இல்லாத நேரம் பாத்து ஓட்டுங்க. ஆடி மாசத்துல வெளிய எடுக்கவே எடுக்காதீங்க, பக்கத்து தோப்பு மாமரத்துலதான் தேடணும்.

5 இன்ச் வேற ஜாதி. பேட்டரியோட 600, 700 கிராம் வரும், 100 கிலோமீட்டர் வேகத்தைச் சாதாரணமா தாண்டும். அந்த இறக்கை விரலை வெட்டும். மேசையில வெச்சு எந்த வேலை பாத்தாலும் இறக்கையைக் கழட்டிட்டுத்தான் பேட்டரி சொருகணும். இதுல நான் பேரம் பேச மாட்டேன். இறக்கை இல்லாம இன்னொரு சோதனையும் பண்ணுங்க: மோட்டாரை ஓட விட்டு ரிமோட்டை ஆஃப் பண்ணுங்க. மோட்டார் நிக்கணும். நிக்கலைன்னா பீட்டாஃப்ளைட்ல ஃபெயில்சேஃப் சரி பண்ணாம வெளிய கொண்டுபோகாதீங்க. லிப்போ பேட்டரியில ஒரு செல் 4.2 வோல்ட்தான் உச்சம். நாலஞ்சு நாள் ஓட்டப் போறதில்லைன்னா 3.8 வோல்ட்ல வையுங்க. சார்ஜ் போட்டுட்டு தூங்கப் போகாதீங்க.

"ஏன் அண்ணா ரெடிமேடா வாங்க முடியல?"ன்னும் கேட்டிருந்தார். 2022 பிப்ரவரி 9-ல மத்திய அரசு வெளிநாட்டு டிரோன் இறக்குமதியைத் தடை பண்ணிடுச்சு. முழுசா வந்தாலும் தடை, பிரிச்சு கிட்டா வந்தாலும் தடை. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. அதனால ஃப்ரேம், மோட்டார், ஃப்ளைட் கன்ட்ரோலர்னு தனித்தனியா வாங்கி நாமளே சால்டர் வைக்கணும். எனக்கென்னமோ இது நல்லதுக்குத்தான்னு தோணுது. கட்டினவனுக்குத்தான் உடைஞ்சா சரி பண்ணத் தெரியும்.

சட்டம். 2021 டிரோன் விதிகள்படி 250 கிராம் வரைக்கும் நானோ, அதுக்கு மேல 2 கிலோ வரைக்கும் மைக்ரோ. நானோவுக்கு பைலட் சான்றிதழ் வேண்டாம். மைக்ரோவுக்கும் காசுக்காக ஓட்டாத வரைக்கும் வேண்டாம். டிரோனைப் பதிவு பண்றது வேற, பைலட் சான்றிதழ் வேற, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. பச்சை மண்டலத்துல 400 அடி வரைதான். விமான நிலையத்துக்கு 12 கிலோமீட்டருக்குள்ள கட்டுப்பாடு மாறும். ஓசூர் பேளகொண்டப்பள்ளியில தனியார் விமான ஓடுதளம் இருக்கு, அந்தப் பக்கம் போறவங்க டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாக்காம கிளம்பாதீங்க. பொழுதுபோக்கு டிரோன் கண்ணுக்கு எட்டற தூரத்துலதான் பறக்கணும்னும் விதி சொல்லுது. காகிள்ஸ் போட்டவனுக்கு வானம் தெரியாது, அதனால பக்கத்துல ஒரு நண்பர் நின்னு டிரோனைப் பாத்துக்கிட்டே இருக்கணும். ஆள், மாடு, பரந்து வர்ற பருந்து எதுவா இருந்தாலும் அவர் சத்தம் போட்டதும் இறக்கிடணும்.

கடைசியா ஒண்ணு. பர்கூர், கிருஷ்ணகிரின்னா உடனே ஞாபகம் வர்றது பாறைக் குன்று, கிரானைட் குவாரி. வீடியோவுக்கு அட்டகாசமா இருக்கும், ஆசை வரும். ஆனா வீடியோ வர்ற 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை பாறையைத் துளைச்சு வராது. குன்றுக்குப் பின்னாடி போன அடுத்த நொடி காகிள்ஸ்ல படம் போயிடும். நீங்க நிக்கிற இடத்துல இருந்து நேர்கோட்டுல தெரியற பக்கம் மட்டும் ஓட்டுங்க. வேலை நடக்கிற குவாரி பக்கம் போகவே கூடாது. மின்சார டெட்டனேட்டருக்கு ரேடியோ அலை ஆபத்து, வெடி வைக்கிற இடத்துல ரிமோட்டை ஆன் பண்றது விளையாட்டு இல்லை. கைவிட்ட குவாரியில தண்ணி எவ்வளவு ஆழம்னு மேல இருந்து தெரியாது. டிரோன் உள்ள விழுந்துட்டா விட்டுட்டு வாங்க. இருபதாயிரம் போனா போகட்டும், யாரும் இறங்காதீங்க.

தம்பி, பட்ஜெட் கணக்கு: இந்த மாசம் ரிமோட், அடுத்தது ஹூப், அதுக்கப்புறமும் கை அரிச்சா 5 இன்ச். அடுத்த எபிசோட்ல சால்டரிங் அயர்ன் எது வாங்கறதுன்னு பேசலாம்.