கன்றின் தொப்புளைக் கவனியுங்கள்

மாடு கன்று ஈன்றதும் பிறந்தது கிடேரியா, காளையா என்று பார்க்கிறோம். பிறகு மடியைப் பார்க்கிறோம். கன்றின் தொப்புளைப் பார்ப்பவர் குறைவு. பிறந்த சில நாட்களில் கன்று மூட்டு வீங்கி எழ முடியாமல் கிடந்தால், நோய் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் நுழைந்திருக்கும்.

செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் பலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்கின்றனர். வீட்டிலுள்ள ஒன்றிரண்டு கறவை மாடுகளைப் பெண்களே கவனிக்கின்றனர். ஒரு கார்த்திகை அடைமழையில் அத்தகைய வீடு ஒன்றுக்குச் சென்றேன். பிறந்து பன்னிரண்டு நாளான கலப்பினக் கிடேரிக் கன்று. முன்னங்கால் முட்டிகள் இரண்டும் வீங்கிச் சூடாக இருந்தன. தொப்புளிலிருந்து நாற்றத்துடன் சீழ் வடிந்தது. "கொடி அறுந்த இடத்தில் சாணிச் சாம்பல் வைத்தோமே சார்" என்றார் அந்த அம்மாள். சிகிச்சை அளித்தும் கன்று பிழைக்கவில்லை. சுமார் இரண்டரை ஆண்டில் கறவைக்கு வந்திருக்க வேண்டிய கிடேரி அது.

நோய் நுழையும் வழி

தாயின் வயிற்றில் கன்றுக்கு உணவு செல்வது தொப்புள் கொடி மூலமே. கொடியின் இரத்தக் குழாய்களில் ஒன்று நேராக ஈரலுக்குச் செல்கிறது. கொடி அறுந்ததும் அதன் முனை திறந்த புண் போன்றது. ஈரத் தரையிலும் சாணத்திலும் உள்ள கிருமிகள் அதன் வழியே ஏறி, இரத்தத்தில் கலந்து மூட்டுகளில் தங்கிவிடுகின்றன. சாணம், சாம்பல், மண் ஆகியவற்றைத் தடவுவது கிருமிக்கு நாமே கதவைத் திறப்பதாகும். தனுர்வாதமும் இதனால் வரலாம். மனிதக் குழந்தைக்கும் இதே ஆபத்து உண்டு. சுத்தமான பிரசவம், கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி ஆகியவற்றால்தான் பச்சிளங் குழந்தைகளின் தனுர்வாதத்தை இந்தியா 2015-இல் கட்டுக்குள் கொண்டுவந்தது.

செய்ய வேண்டியவை

1. கன்று ஈனும் இடத்தில் காய்ந்த வைக்கோலைக் கனமாகப் பரப்புங்கள். மழைக்காலத்தில் நனைந்ததை நாள்தோறும் மாற்றுங்கள்.

2. கொடி தானாக அறுந்தால் நல்லது. நீளமாகத் தொங்கினாலோ இரத்தம் வடிந்தாலோ, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, வயிற்றிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு அயோடினில் நனைத்த நூலால் கட்டுங்கள். கட்டுக்குக் கீழே புதிய பிளேடால் வெட்டுங்கள்.

3. சிறிய வாய் அகன்ற புட்டியில் 7 சதவீத டிங்க்சர் அயோடினை ஊற்றி, கொடி முழுவதும் அடிவரை நனையும்படி அரை நிமிடம் தோய்த்து எடுங்கள். கொடி காயும் வரை காலையும் மாலையும் இவ்வாறு செய்யுங்கள். தோய்த்து மீந்த மருந்தைக் கொட்டிவிடுங்கள். இந்த அயோடின் கன்றுக்கு மட்டுமே. பிறந்த குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் எதையும் தடவக் கூடாது.

4. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் கொடுங்கள். மாட்டின் நோய் எதிர்ப்புச் சக்தி கருப்பையில் கன்றுக்குச் சேர்வதில்லை. சீம்பால் மூலமே சேர்கிறது. அதை ஏற்கும் திறனும் ஒரு நாளுக்குள் கன்றின் குடலில் குறைந்துவிடும். 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் குறைந்தது இரண்டரை லிட்டர் தேவை. நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திராதீர்கள்.

வீக்கம் கண்டால்

முதல் இரண்டு வாரங்கள் நாள்தோறும் தொப்புளைத் தொட்டுப் பாருங்கள். வீக்கம் சூடாக இருந்து, தொட்டால் கன்று வலியால் நெளிந்தால் அது சீழ்க்கட்டியாக இருக்கலாம். மெத்தென்று வலியின்றி இருந்து, அழுத்தினால் உள்ளே போனால் அது குடலிறக்கமாக இருக்கலாம். எந்த வீக்கத்தையும் நீங்களாகக் கீறாதீர்கள். கட்டியென்று நினைத்துக் குடலையே கிழித்துவிட நேரும். குடலிறக்கம் பரம்பரையாகவும் வருவதால் அத்தகைய காளையை இனவிருத்திக்கு விட வேண்டாம்.

ஈ மொய்த்துப் புழு வைத்தாலும், தொப்புளில் சிறுநீர் கசிந்தாலும், கன்று பால் குடிக்க மறுத்தாலும், நொண்டினாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கால்நடை மருத்துவ ஊர்தியை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். தொப்புளோடு நிற்கும்போது நோயைக் குணப்படுத்துவது எளிது. மூட்டுக்குப் போனபின் கடினம்.

கன்று இரவிலும் பிறக்கும். அப்போது மருந்துக் கடை திறந்திராது. ஆகவே மாடு நிறைசினையானதுமே அயோடின் புட்டி, நூல், புதிய பிளேடு மூன்றையும் வாங்கித் தொழுவத்தில் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள்.