வெயில் திட்டு என்று விட்டுவிடலாமா?

வெயிலில் அலைபவர்களுக்குத் தோலில் வெளிறிய திட்டு வந்தால், "வெயில் பட்டதுதான்" என்று விட்டுவிடுவது வழக்கம். அந்தத் திட்டில் உணர்ச்சி குறைந்திருந்தால், அது தொழுநோயின் முதல் அடையாளமாக இருக்கலாம்.

வெயிலுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டா? தோலின் மேலடுக்கில் 'லாங்கர்ஹான்ஸ்' எனும் காவல் உயிரணுக்கள் உள்ளன. நுழையும் கிருமியை அடையாளம் கண்டு, உடலின் எதிர்ப்பு சக்திக்குத் தகவல் தருவது இவற்றின் வேலை. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் இவற்றைத் தளர்த்திவிடும். 1995-இல் வெளியான ஆய்வொன்றில், தொழுநோய்க் கிருமியிலிருந்து தயாரித்த 'லெப்ரோமின்' ஊசியைக் கதிர் பட்ட தோலில் போட்டபோது, தோலின் எதிர்வினை குறைந்திருந்தது. அதற்காக வெயிலே தொழுநோயைக் கொண்டு வருவதில்லை. 1873-இல் நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டறிந்த கிருமியே காரணம். பெரும்பாலோருக்கு அதை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு.

பினாங்கு மக்களுக்கு ஜெரெஜாக் தீவு தெரியும். 19-ஆம் நூற்றாண்டில் தொழுநோயாளிகளை அங்கே ஒதுக்கி வைத்தார்கள். 1930-இல் சுங்கை பூலோவில் பெரிய குடியிருப்பு திறக்கப்பட்டது. அன்று குணமாக்கும் மருந்து இல்லை. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 6 முதல் 12 மாதங்களில் நோய் குணமாகிறது. மருந்து தொடங்கியதும் பிறருக்குத் தொற்றுவதும் விரைவில் நின்றுவிடுகிறது. தாமதித்தால் நரம்பு பாதிக்கப்பட்டு விரல்கள் மடங்கிவிடலாம். அந்த இழப்பை மீட்பது கடினம்.

ஆகவே, கண்ணை மூடிக்கொண்டு, திட்டின் மீது பஞ்சால் மெல்லத் தடவச் சொல்லிப் பாருங்கள். தொட்டது தெரியவில்லையென்றால் உடனே அரசாங்க கிளினிக்குக்குச் செல்லுங்கள். தெரிந்தாலும், திட்டு மறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டிவிடுவதே நல்லது. மறைக்க வேண்டிய நோயல்ல இது.