கூரை இல்லாதவனுக்குக் கதிரவன் இல்லையா?

மாளிகைக்கும் மண்குடிசைக்கும் கதிரவன் ஒரே ஒளியைத்தான் தருகிறான். அந்த ஒளி மின்சாரமாகும்போது மட்டும் மாடிவீட்டோடு நின்றுவிடுவது ஏன்?

முதலில் நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. பல்பு தந்துவிடுகிறது. நான்கு பல்புகள் நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால், இரண்டு மாதத்தில் பழையவை விழுங்குவது 72 யூனிட். புதியவை கேட்பது 11 யூனிட்டுக்கும் குறைவு! ஓட்டைக் குடத்தில் நீர் இறைத்துப் பயனென்ன? ஓட்டையை அடைப்பதே முதல் வேலை.

அடுத்து கூரை. ஒரு கிலோவாட் சோலார் தகடுகளுக்கு நிழல் விழாத சுமார் 100 சதுர அடி போதும். நல்ல வெயிலில் நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிட் கிடைக்கும். 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு அறிவித்த திட்டம், 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியம் என்றது. வரவேற்கிறோம். ஆனால், கூரை உள்ளவனுக்கு மானியம். வாடகை வீட்டில் வாழும் தொழிலாளிக்கு?

வழி இருக்கிறது, தோழர்களே! பொது இடத்தில் தகடுகளை நிறுத்தி, விளையும் மின்சாரத்தைப் பங்கிட்டு, ஒவ்வொரு குடும்பத்தின் மின்கணக்கிலும் கழிக்கலாம். டெல்லியில் 2019-லேயே இதற்கு விதி வகுத்தார்கள். ஏட்டில் எழுதிய விதி ஏழை வீட்டில் விளக்காக எரிய வேண்டும். எல்லா ஊரிலும் எரிய வேண்டும்.

குண்டு பல்பை இன்றே கழற்றுவோம். அது நம் கடமை. கதிரவனில் பங்கு கேட்போம். அது நம் உரிமை!