நிரந்தர உத்தியோகமும் தவணை வீசாவும்



நிரந்தர உத்தியோகம் என்ற சொற்றொடருக்கு நம்முடைய நாட்டிலே தனியொரு மதிப்பு உண்டு. நியமனம் உறுதிப்படுத்தப்பட்டு, இளைப்பாறும் வயதுவரை அசையாதிருக்கும் பதவியையே நாம் அப்பெயரால் அழைத்து வருகின்றோம். கலியாணப் பேச்சுக்களில் முதலிற் கேட்கப்படுவதும் அதுவே. ஆனால் இங்கிலாந்தின் தொழிற் சட்டத்திலே இச்சொல்லின் பொருள் வேறு. முடிவுத் திகதி எழுதப்படாத ஒப்பந்தம் எதுவோ, அதுவே அங்கு நிரந்தர ஒப்பந்தம். தக்க காரணமும் முறையான முன்னறிவித்தலும் இருப்பின், அது முடிவுக்கு வரலாம். சட்டம் தொழில் தருநர் மீது கட்டாயமாக்கும் முன்னறிவித்தற் காலமும், எத்தனை ஆண்டு சேவை செய்தவராயினும், 12 கிழமைக்கு மேற்படுவதில்லை.

இந்த வேறுபாட்டை முதலிலே கூறுவதற்குக் காரணம் உண்டு. நம்மவரிற் பலர் வைத்தியராகவும், தாதியராகவும், பொறியியலாளராகவும், கணக்காளராகவும் அந்நாட்டிலே தொழில் புரிகின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் முதலிற் சென்றடைவது ஒரு தவணை வீசாவின்மேல். இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு, கூடினால் ஐந்து ஆண்டு. அத்தகைய ஒருவர் நேர்முகப் பரீட்சையிலே முதலிடம் பெறுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். பதவி நிரந்தரமானது, அவருடைய வீசாவில் எஞ்சியிருப்பதோ பதினெட்டு மாதம். அவருக்கு அப்பதவியை வழங்கலாமா? அல்லது வீசா முடியும் நாள்வரை மட்டும் என்று ஒப்பந்தத்தை எழுத வேண்டுமா?

தாராளமாக வழங்கலாம் என்பதே விடை. அதனைத் தடுக்கும் சட்டம் அந்நாட்டில் இல்லை. இருந்தும் எத்தனையோ அலுவலகங்கள் வீசாத் திகதியையே ஒப்பந்தத்தின் முடிவுத் திகதியாகவும் எழுதி வைக்கின்றன. ஒரு கம்பனி சாரதி ஒருவரை வேலைக்கு அமர்த்துகின்றது. அவருடைய சாரதி அனுமதிப்பத்திரம் சில ஆண்டுகளிற் காலாவதியாகும். அதனால் அந்தத் திகதிவரைதான் உமக்கு வேலை என்று எவராவது சொல்வதுண்டா? உரிய காலத்தில் அதனைப் புதுப்பித்துக் கொள்ளும் என்றுதானே சொல்வோம்? வீசாவும் அத்தகையதே. வேலையின் காலம் ஒரு கணக்கு. வேலை செய்யும் அனுமதியின் காலம் இன்னொரு கணக்கு.

அலுவலகங்கள் ஏன் அஞ்சுகின்றன? அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. அனுமதியற்றவரை வேலைக்கு வைத்திருக்கும் தொழில் தருநர்மீது தண்டப்பணம் விதிக்க 2006 ஆம் ஆண்டுச் சட்டமொன்று இடமளிக்கின்றது. அத்தண்டம் முன்னர் ஆளொருவருக்கு 20,000 பவுண்வரை இருந்தது. 2024 பெப்ரவரியில் முதற்றடவைக்கு 45,000 பவுண்வரையும், மறுதடவைக்கு 60,000 பவுண்வரையும் உயர்த்தப்பட்டது. அறிந்துகொண்டே செய்தவருக்குச் சிறைத்தண்டனையும் உண்டு. சிறிய கடையொன்றை நடத்துபவருக்கு இத்தொகை எத்தகைய இடி என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆயினும் அச்சட்டம் தொழில் தருநரிடம் கேட்பது மிகச் சிறிதே. வேலை தொடங்குவதற்கு முன்னர் அனுமதியைப் பரிசோதிக்க வேண்டும். அனுமதி தவணையுடையதாயின், அது முடிவதற்கு முன்னர் மறுபடியும் பரிசோதிக்க வேண்டும். இவ்விரண்டையும் உரிய முறையிற் செய்து, பதிவையும் வைத்திருப்பவரைத் தண்டம் அணுகாது. ஒப்பந்தம் நிரந்தரமானதா, தவணையானதா என்ற கேள்வியைச் சட்டம் எழுப்புவதே இல்லை.

சரி, ஒரு முன்னெச்சரிக்கைக்காகத் தவணை ஒப்பந்தத்தை எழுதினால் என்ன குறை என்று சிலர் கேட்கலாம். தொழில் தருநருக்கு அதனாற் கிடைக்கும் ஆதாயம் ஒன்றுமில்லை என்பதே உண்மை. தவணை ஒப்பந்தத்தைப் புதுப்பியாது விடுவதும் அந்நாட்டின் 1996 ஆம் ஆண்டுத் தொழில் உரிமைச் சட்டத்தின்படி ஒரு வேலைநீக்கமே. அதற்கும் நியாயமான காரணம் காட்ட வேண்டும். மேலும் 2002 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள், தவணைமேல் தவணையாக நான்கு ஆண்டு தொடர்ந்து வேலை செய்தவரை, தகுந்த நியாயம் காட்டப்பட்டாலன்றி, நிரந்தர ஊழியராகவே கொள்ளுகின்றன. மறுபுறத்தில், நிரந்தர ஊழியர் ஒருவர் வேலை செய்யும் அனுமதியை உண்மையாகவே இழந்துவிட்டால், அவரைத் தொடர்ந்து வைத்திருப்பது சட்டவிரோதம் என்பதே அவரை நீக்குவதற்குப் போதிய காரணமென மேற்கூறிய 1996 ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொள்கின்றது. எனவே நிரந்தர ஒப்பந்தம் தொழில் தருநரின் கையைக் கட்டிப்போடுவதில்லை. நீக்குமுன் விசாரித்து அறியும் கடமை மட்டும் அவருக்கு உண்டு.

ஊழியருக்கு ஏற்படும் இழப்போ பெரிது. வீட்டுக்கடன் கேட்டுச் செல்லும் இடத்தில் முடிவுத் திகதியுள்ள ஒப்பந்தத்தைச் சந்தேகத்தோடு பார்க்கின்றார்கள். நீண்ட பயிற்சிக்கு ஆள் தெரிவு செய்யும்போது, இவர் போகப்போகிறவர்தானே என்ற எண்ணம் மேலதிகாரியின் மனத்தில் ஊறிவிடுகின்றது. ஒரே மேசையில், ஒரே வேலையைச் செய்யும் இருவருள் ஒருவர் வீட்டாராகவும் மற்றவர் விருந்தாளராகவும் ஆகிவிடுகின்றார்.

இங்கேதான் சமத்துவச் சட்டம் குறுக்கிடுகின்றது. 2010 ஆம் ஆண்டின் அச்சட்டத்திலே இனம் என்பது ஒருவருடைய பிரசாவுரிமையையும் உள்ளடக்கும். தவணை வீசா உடையோர் எல்லோரும் பிறநாட்டுப் பிரசைகள் ஆதலால், அவர்களை ஒட்டுமொத்தமாக ஒதுக்கும் விதி, வெளித்தோற்றத்தில் எவ்வளவு நடுநிலையாகத் தோன்றினும், மறைமுகப் பாகுபாடாக முடியலாம். உள்துறை அமைச்சே வெளியிட்ட நடைமுறைக் கோவை, தவணை அனுமதியுடையவரை நியமனத்திலோ, வேலை நிபந்தனைகளிலோ, பயிற்சியிலோ, பதவியுயர்விலோ குறைவாக நடத்தலாகாது என்று தொழில் தருநர்க்கு அறிவுறுத்துகின்றது. வேலை அனுமதி தேவைப்படும் விண்ணப்பகாரரை எவ்வித பரிசீலனையுமின்றித் தள்ளிவிட்ட ஒரு சட்டத்தரணிகள் நிறுவனம், 2009 ஆம் ஆண்டிலே தொழில் மேன்முறையீட்டு நியாயசபையில் தோல்வி கண்டது. சட்டம் படித்தவர்களே இதிற் சறுக்கினார்கள் என்றால், மற்றவர்கள் சறுக்குவதில் வியப்பில்லை.

இனி, இந்தத் தவணை என்பது எங்கிருந்து வந்தது என்பதையும் சிறிது பார்ப்போம். 1962 ஆம் ஆண்டுக்கு முன்னர் இலங்கை, இந்தியா முதலிய பொதுநலவாய நாட்டார் பிரித்தானியாவுக்குள் தடையின்றிச் சென்று தொழில் செய்யலாம். அவ்வாண்டின் சட்டம் தொழிலுக்கான அனுமதிச் சீட்டு முறையைப் புகுத்தியது. வேலை ஒன்று காத்திருப்போருக்கு ஒருவகைச் சீட்டு, தேர்ச்சியுடையோருக்கு இன்னொருவகைச் சீட்டு என்று அவை பிரிந்திருந்தன. 1971 ஆம் ஆண்டுச் சட்டம் 1973 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தபின்னரே, முதலில் ஓராண்டுக்கு அனுமதி, பின்னர் நீடிப்பு, நான்கு ஆண்டு நிறைந்ததும் தடைநீக்கம் என்ற படிமுறை பொதுநலவாய நாட்டாருக்கும் ஏற்பட்டது. அந்த நான்கு 2006 ஏப்பிரலில் ஐந்தாயிற்று. ஆகவே தவணை என்பது குடியமர்வை நோக்கிய படிகளில் ஒன்றாகவே பலருக்கு இருந்து வந்தது. இதனை மறந்தபோது என்ன நேர்ந்தது என்பதற்கு வைத்தியர்களின் வழக்கே சான்று.

உயர் தேர்ச்சியுடையோரை உலகெங்குமிருந்து அழைக்கும் திட்டமொன்றைப் பிரித்தானிய அரசாங்கம் 2002 ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. குறிப்பிட்ட தொழில் தருநர் ஒருவரைச் சாராமலே அத்திட்டத்தின்கீழ்ச் சென்று வேலை தேடலாம். தொடக்கத்திற் குறுகிய காலத்துக்கு வழங்கப்படும் அனுமதி, தகுதி நிலைத்திருந்தால் நீடிக்கப்படும். முடிவிற் குடியிருக்கும் உரிமைக்கும் வழி திறக்கும். தென்னாசிய வைத்தியர் பலர் அதை நம்பிச் சென்றனர். 2006 ஏப்பிரலிலே சுகாதாரத் திணைக்களம் வைத்தியசாலைகளுக்கு ஒரு வழிகாட்டலை விடுத்தது. பயிற்சிப் பதவி முடிவதற்கு முன்னரே அனுமதி முடிவடையும் வெளிநாட்டு வைத்தியருக்கு, உள்நாட்டிலோ ஐரோப்பாவிலோ தகுந்த வேறொருவர் இல்லையென்றாலன்றி, அப்பதவியை வழங்கவேண்டாம் என்பதே அதன் சாரம். பயிற்சிப் பதவியோ பல ஆண்டு நீள்வது. அனுமதியோ தவணை தவணையாகவே கிடைப்பது. இரண்டு திகதிகளையும் பக்கத்திற் பக்கமாக வைத்து ஒப்பிட்ட அந்த ஒரு கணக்கினால், பெருந்தொகையான வைத்தியருக்கு வாயில் அடைபட்டுவிட்டது. அனுமதி நீடிக்கப்படக்கூடியது என்ற உண்மை கணக்கில் எடுக்கப்படவே இல்லை.

இந்திய வம்சாவளி வைத்தியர் சங்கத்தினர் நீதிமன்றம் சென்றனர். முதல் மன்றிலே தோற்றனர். 2007 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அரசாங்கம் பிரபுக்கள் சபைக்கு மேன்முறையீடு செய்ய, 2008 ஏப்பிரல் 30 ஆந் திகதி சட்டப் பிரபுக்கள் பெரும்பான்மையாக அவ்வழிகாட்டல் சட்டத்துக்கு முரணானது என்றே உறுதிசெய்தனர். தீர்ப்பு வரும்வரையிலான இரண்டு ஆண்டுகளை அவ்வைத்தியர்க்கு எவரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

எல்லாத் தவணைகளும் ஒரே தன்மையன அல்ல என்பதையும் மறைத்தலாகாது. அங்கு பட்டம் பெற்றோருக்கு 2021 யூலை முதல் வழங்கப்பட்டுவரும் பட்டதாரி வீசா நீடிக்க முடியாதது. அதன் முடிவுக்கு முன்னர் தேர்ச்சித் தொழிலாளர் வீசா போன்ற இன்னொன்றுக்கு மாற வேண்டும். அதற்குத் தொழில் தருநரின் அனுசரணை தேவை. அனுசரணை அளித்தே தீரவேண்டும் என்று சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. தேர்ச்சித் தொழிலாளர் வீசாவோ ஒருமுறைக்கு ஐந்தாண்டுவரை வழங்கப்பட்டு நீடிக்கப்படக்கூடியது. ஆனால் சம்பளம் எல்லைக்குக் குறையலாகாது. 26,200 பவுணாக இருந்த பொது எல்லை 2024 ஏப்பிரலில் 38,700 ஆகவும், 2025 யூலையில் 41,700 ஆகவும் உயர்த்தப்பட்டது. முன்னரே அவ்வழியிற் சென்றோருக்கும், சுகாதாரத் தொழில்கள் சிலவற்றுக்கும் வேறு எல்லைகள் உண்டு. நிரந்தரப் பதவியை ஏற்குமுன் ஊழியர் கேட்டறிய வேண்டியது இதனையே: வீசா முடியும்போது எனக்கு அனுசரணை தருவீர்களா? அப்போதைய சம்பளம் எல்லையைத் தாண்டுமா? நியமனக் கடிதத்திலே ‘நிரந்தரம்’ என்று இருப்பதனால் மட்டும் இக்கேள்விகள் தீர்ந்துவிடமாட்டா.

தொழில் தருநர் பக்கத்திலே, வேலை செய்யும் அனுமதி தொடர்ந்திருத்தல் வேண்டும் என்ற ஒரு வாசகத்தை எல்லோருடைய ஒப்பந்தத்திலும் சேர்த்துவிட்டாற் போதுமானது. தவணை முடியும் திகதிக்குச் சில மாதங்கள் முன்னரே ஊழியரோடு பேசவும் வேண்டும். திகதி கடந்துவிட்டது என்பதற்காக மறுநாட் காலையிலேயே வெளியே அனுப்புவது பெருந்தவறாகலாம். தவணைக்குள் நீடிப்புக்கு விண்ணப்பித்தவருடைய அனுமதி, முடிவு தெரியும்வரை பழைய நிபந்தனைகளோடு நீடிக்கும் என்பது 1971 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ள ஏற்பாடு. உள்துறை அமைச்சின் பரிசோதனைச் சேவையிடம் கேட்டு உறுதிக் கடிதம் பெற 28 நாள் அவகாசம் உண்டு. கடிதம் கிடைத்தபின் தொழில் தருநருக்கு ஆறு மாதப் பாதுகாப்பும் கிடைக்கும்.

திகதியைக் கண்டு மிரளும் பழக்கம் எவ்வளவு வேடிக்கையானது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. வதிவிட அட்டைகள் பலவற்றிலே, அனுமதி அதற்கப்பாலும் செல்லுபடியாகும் போதே, முடிவுத் திகதி 2024 டிசெம்பர் 31 என்று அச்சாகியிருந்தது. அட்டை முறையை ஒழித்து இலத்திரனியல் வீசாவுக்கு மாறும் ஏற்பாட்டினால் வந்த வினை அது. காலவரையற்ற வதிவுரிமை பெற்றவர்களின் அட்டைகளிலுங்கூட அத்திகதியே காணப்பட்டது. 2018 ஆம் ஆண்டிலே வெளிவந்த செய்திகளோ வேடிக்கைக்குரியனவல்ல. கரிபியன் தீவுகளிலிருந்து பல்லாண்டுகளுக்கு முன் சட்டபூர்வமாகக் குடியேறிய முதியோர் பலர், கடதாசி காட்ட முடியாமையால் வேலையை இழந்தனர் என்பது அப்போதுதான் உலகுக்குத் தெரியவந்தது.

குடியிருப்புரிமைக்கான பொதுவான காத்திருப்பை ஐந்தாண்டிலிருந்து பத்தாண்டாக உயர்த்தும் யோசனையை 2025 மே மாதத்திலே பிரித்தானிய அரசாங்கம் முன்வைத்தது. அது முழுமையாக நடைமுறைக்கு வருமாயின், இன்று ஒருமுறை வீசாவைப் புதுப்பிப்பவர் இரண்டு மூன்று முறை புதுப்பிக்க நேரிடும். நிரந்தர வேலையும் தவணை வீசாவும் ஒரே ஆளிடத்திற் சேர்ந்திருக்கும் காலமும் அவ்வளவுக்கு நீளும்.