பகுதிநேர டெலிவரி ஆட்கள்: கடைக்காரர் அறிய வேண்டிய சம்பளம், சலுகை, உயர்வு

மளிகை, மருந்து, ஹார்டுவேர், மோட்டார் உதிரி பாகம் என எந்தக் கடையானாலும், சரக்கை வாடிக்கையாளர் வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுக்க இன்று ஓர் ஆள் தேவைப்படுகிறது. உடுமலைக் கடைவீதியிலிருந்து தளி, எரிசனம்பட்டி, ஜல்லிபட்டி வரை டெலிவரி போகிறது. நாள் முழுவதும் ஆள் வைக்கக் கட்டுப்படியாகாத வணிகர்கள், மாலையில் நான்கு மணி நேரம் மட்டும் ஆள் வைக்கிறார்கள். கல்லூரி மாணவர்களும், பகலில் மில் வேலை பார்ப்பவர்களும் இதற்கு வருகிறார்கள்.

இவர்களைப் பற்றி நம்மில் பலரிடம் ஓர் எண்ணம் இருக்கிறது: "பகுதிநேர ஆள்தானே, ரிஜிஸ்டரில் பெயர் வேண்டாம், இ.எஸ்.ஐ. வேண்டாம், சம்பள உயர்வும் வேண்டாம்." சட்டப்படி இது தவறு. வியாபாரக் கணக்குப்படியும் நஷ்டம். எப்படி என்று பார்ப்போம்.

தபால் இலாகாவின் அனுபவம்

பகுதிநேர ஆட்களை வைத்துப் பட்டுவாடா செய்வதில் நம் நாட்டில் நீண்ட அனுபவம் உள்ளது தபால் இலாகாவுக்குத்தான். கிராமங்களில் முழுநேரத் தபால் ஆபீஸ் நடத்தினால் கட்டுப்படியாகாது என்பதால், 19ஆம் நூற்றாண்டிலேயே ஊர்க் கடைக்காரர், பள்ளி ஆசிரியர் போன்றவர்களிடம் சிறு தொகை கொடுத்து அந்த வேலையை ஒப்படைத்தார்கள். ஆக, இந்த முறையில் முதலில் பகுதிநேர ஊழியராக இருந்தவர்களில் வணிகர்களும் உண்டு.

ஈ.டி. ஊழியர் என்று நாம் அழைத்து வந்த இவர்களுக்கு 2001ஆம் ஆண்டு விதிகளில் கிராமின் டாக் சேவக் என்று பெயர் மாறியது. நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கிடையாது. பிழைப்புக்கு வேறு வருமானமும் இருக்க வேண்டும் என்பது விதி. 65 வயது வரை பணியாற்றலாம்.

"இவர்கள் அரசு ஊழியர்களே அல்ல" என்று இலாகா வாதாடியது. 1977ல் ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இவர்கள் வகிப்பதும் அரசுப் பதவியே, விளக்கம் கேட்காமல் நீக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. வேலை நேரம் குறைவு என்பதற்காக முதலாளி - ஊழியர் உறவு இல்லாமல் போய்விடாது என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

சம்பளம்: 2018 ஜூலை முதல் அமலான திட்டத்தில், கிளைத் தபால் ஆபீஸ் போஸ்ட் மாஸ்டருக்கு நான்கு மணி நேர வேலைக்குத் தொடக்கம் ரூ. 12,000, ஐந்து மணி நேரத்துக்கு ரூ. 14,500. பட்டுவாடா செய்யும் ஊழியருக்கு முறையே ரூ. 10,000, ரூ. 12,000. இதற்கு மேல் பஞ்சப்படியும், ஆண்டுக்கு 3 சதவீத உயர்வும் உண்டு.

உயர்வு: இலாகா தேர்வு, பணிமூப்பு ஆகிய வழிகளில் இவர்கள் தபால்காரர் போன்ற முழுநேரப் பதவிகளுக்குப் போகலாம். அப்படிப் போக முடியாதவர்களுக்காக 2024 மார்ச்சில் ஒரு திட்டம் வந்தது. 12, 24, 36 ஆண்டு சேவை முடித்தால் ஆண்டுக்கு முறையே ரூ. 4,320, ரூ. 5,520, ரூ. 7,200 கூடுதலாகக் கிடைக்கும். மாதக் கணக்கில் பார்த்தால் ரூ. 360, ரூ. 460, ரூ. 600. தொகை சிறியதுதான். ஆனால் எந்த ஆண்டில் என்ன கிடைக்கும் என்பது ஊழியருக்கு முன்கூட்டியே தெரிகிறது.

குறையும் இருக்கிறது. முழுநேரப் பதவிக்குப் போனவர்கள், தங்கள் பகுதிநேர சேவைக் காலத்தையும் பென்ஷனுக்குச் சேர்க்க வேண்டும் என்று கேட்டார்கள். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது. பல ஆண்டு உழைத்தவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம்.

அமெரிக்காவில் நடந்தது

யுனைடெட் பார்சல் சர்வீஸ் என்ற பெரிய பார்சல் கம்பெனியில், 1997 ஆகஸ்டில் சுமார் 1,85,000 ஊழியர்கள் 15 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பகுதிநேர வேலைகளே பெருகுகின்றன, முழுநேரத்துக்கு மாற வழியில்லை என்பது முக்கியக் குறை. முடிவில் 10,000 பகுதிநேர இடங்களை முழுநேரமாக மாற்றக் கம்பெனி சம்மதித்தது. முன்னேற வழி இல்லாத வேலையில் ஒன்று ஆள் ஓடிவிடுவார், அல்லது பிரச்சினை வெடிக்கும். சிறு கடையில் முதலாவது நடக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் கடைக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துள்ளன. கடைக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. ஆள் எண்ணிக்கை. பத்துப் பேர், இருபது பேர் என்று சட்டம் எண்ணும்போது பகுதிநேர ஆளும் ஓர் ஆள்தான். எட்டு முழுநேர ஆட்களும் இரண்டு மாலைநேர ஆட்களும் இருந்தால் பத்துப் பேர்.

2. இ.எஸ்.ஐ. பத்துப் பேர் இருந்தால் கட்டாயம். 2017 முதல் சம்பள உச்சவரம்பு ரூ. 21,000. 2019 ஜூலை முதல் முதலாளி பங்கு 3.25 சதவீதம், ஊழியர் பங்கு 0.75 சதவீதம். மாதம் ரூ. 8,000 வாங்கும் மாலைநேர ஆளுக்கு முதலாளி கட்டுவது ரூ. 260, ஊழியர் கட்டுவது ரூ. 60. இதற்குக் குடும்பத்துக்கே வைத்தியமும், விபத்தில் படுத்துவிட்டால் சம்பளத்தில் பெரும்பகுதியும் கிடைக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான கடைகளும் முதலாளியும் பெரும்பான்மை ஊழியர்களும் சம்மதித்தால் சேரலாம்.

3. பி.எஃப். இருபது பேர் இருந்தால் கட்டாயம். இரு தரப்பும் 12 சதவீதம். 2014 செப்டம்பரில் சம்பள வரம்பு ரூ. 15,000 என நிர்ணயிக்கப்பட்டது.

4. கிராஜுவிட்டி. பத்துப் பேர் உள்ள கடையில் ஐந்தாண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் கொடுக்க வேண்டும். காலம் குறிப்பிட்டு ஒப்பந்தத்தில் வைத்த ஆளுக்குப் புதிய சட்டத்தில் ஓராண்டே போதும்.

5. படி. சம்பளத்தைக் குறைத்துக் காட்டி, மீதியை பெட்ரோல் படி, டிபன் படி என்று பிரித்துக் கொடுத்தால், மொத்தத்தில் பாதிக்கு மேல் போகும் படிகள் சம்பளமாகவே கணக்கிடப்படும்.

விபத்து: எல்லாக் கடைக்கும் பொருந்துவது

ஒரே ஓர் ஆள் உள்ள கடையாக இருந்தாலும், சரக்கு கொண்டு போகும் வழியில் அவர் வண்டியில் அடிபட்டால் நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பு முதலாளியுடையது. இ.எஸ்.ஐ.யில் பதிந்திருந்தால் அந்தப் பொறுப்பை அது ஏற்கும். இல்லாவிட்டால் கைப்பணம்தான். பழனி ரோட்டில் இரவு நேரத்தில் வண்டி ஓட்டுபவருக்கு என்ன நேரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு விபத்தில் கொடுக்க வேண்டிய தொகை, பல ஆண்டுகளில் "மிச்சப்படுத்திய" ரூ. 260ஐ எல்லாம் விழுங்கிவிடும்.

பேங்க் மூலம் ஆண்டுக்கு ரூ. 20 கட்டினால் ரூ. 2 லட்சம் தரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்திலும் ஆளைச் சேர்த்து வையுங்கள். ஆனால் இது கூடுதல் பாதுகாப்பு மட்டுமே. முதலாளியின் பொறுப்பு இதனால் நீங்காது.

லைசென்ஸ் இல்லாத பிளஸ் டூ பையனிடம் வண்டிச் சாவியைக் கொடுக்கவே கூடாது. 2019 மோட்டார் வாகனத் திருத்தத்தின்படி, 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் வண்டியின் சொந்தக்காரருக்கு மூன்றாண்டு வரை சிறையும், ரூ. 25,000 அபராதமும் உண்டு.

ஆப் கம்பெனி ஆட்கள் வேறு

உணவு டெலிவரி போன்ற ஆப் கம்பெனிகளின் ஆட்களுக்காகத் தமிழக அரசு 2023ல் தனி நலவாரியம் அமைத்தது. புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டம், அந்தக் கம்பெனிகள் தங்கள் விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்கிறது. நம் கடையில் நாமே நேரம் சொல்லி, வேலை சொல்லி, சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆள் அந்த வகையில் வரமாட்டார். அவர் நம் ஊழியரே.

செய்ய வேண்டியது

பகுதிநேர ஆளின் பெயரை ரிஜிஸ்டரில் எழுதுங்கள். வேலை நேரம், சம்பளம் குறிப்பிட்டு ஒரு நியமனக் கடிதம் கொடுங்கள். சம்பளத்தை பேங்க் மூலம் கொடுத்தால் பின்னால் தகராறு வராது. மணிக்கணக்கில் பார்த்தாலும் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓராண்டு முடிந்தால் இவ்வளவு உயர்வு, முழுநேர இடம் காலியானால் முதல் வாய்ப்பு அவருக்கு என்று சேரும்போதே சொல்லிவிடுங்கள்.

சந்து பொந்து தெரிந்து, எந்த வீட்டில் யாருக்குக் கடன் நிலுவை என்று அறிந்து, கலெக்ஷன் பணத்தைச் சரியாகக் கொண்டுவந்து கொடுக்கும் ஆள் எளிதில் கிடைப்பதில்லை. மாதம் ஐந்நூறு ரூபாய் கூடுதலுக்காக அவர் பக்கத்துக் கடைக்குப் போனால், புது ஆளைப் பழக்குவதற்குள் நாம் இழக்கும் வாடிக்கை அதைவிட அதிகம். சலுகைகளைச் செலவுக் கணக்கில் எழுதும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.