இலையான் தூண்டில்
மீன்பிடிக் கழகங்களிடம் நாம் கற்கக்கூடியவை



மார்க்கத்தில் வீடு எடுத்துக் குடியேறியிருக்கும் எமது குடும்பங்கள் பலவற்றுக்கு ரூஜ் ஆறு தெரியாது. மக்கோவன் வீதியால் தினமும் வேலைக்குப் போய் வருகிறோம். அந்த வீதியோரத்து மில்ன் அணைக்கட்டுப் பூங்காவுக்குள் அந்த ஆறுதான் ஓடுகிறது. பிறகு தெற்கே போய், ஸ்காபரோவுக்கும் பிக்கறிங்குக்கும் இடையில் ஒன்ராறியோ ஏரியில் விழுகிறது. கடலும் குளமும் பார்த்து வளர்ந்த நாம் இங்கே வந்து தண்ணீரை மறந்துவிட்டோம். இரண்டு சிப்ட் வேலை, பேஸ்மன்ற் வாடகை, ஊருக்கு அனுப்பவேண்டிய காசு என்று நாட்கள் ஓடுகின்றன. பிள்ளைகளோ போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

பக்ரறியில் எங்களோடு வேலை செய்யும் கனேடியர் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் சின்னப் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே வரிசை வரிசையாகப் பூச்சிகள். எல்லாம் இறகாலும் நூலாலும் அவர் கையால் கட்டியவை. இவற்றைக் கொண்டுதான் அவர் மீன் பிடிக்கிறாராம். அவரிடம் கேட்டதையும், பின்னர் நாங்கள் தேடி அறிந்ததையும் சேர்த்து இதனை எழுதுகிறோம்.

இலையான் தூண்டில் என்றால் என்ன?

ஆங்கிலத்தில் இதனை 'பிளை பிஷிங்' என்பார்கள். எங்கள் பேச்சில் இலையான் தூண்டில் என்று சொல்லலாம். ஊரில் நாம் தங்கூசி நூலில் ஈயமும் மிதப்பும் கட்டி, மண்புழுவோ இறாலோ குத்திப் போட்டோம். ஈயத்தின் பாரம் நூலை இழுத்துக்கொண்டு போனது. இங்கே அப்படியல்ல. கொக்கியில் இருப்பது இறகுப் பூச்சி. அதற்குப் பாரமே இல்லை. அதனால் நூலைத்தான் தடிப்பாகவும் பாரமாகவும் செய்திருக்கிறார்கள். தடியை முன்னும் பின்னும் வீசி, அந்த நூலைச் சாட்டைபோல காற்றில் விரித்து, பூச்சி தண்ணீரில் மெதுவாக இறங்கும்படி விடவேண்டும். ஆற்றில் பிறந்து பறக்கும் உண்மையான பூச்சி என்று நம்பி மீன் வந்து கவ்வும்.

இது புதிய பழக்கமல்ல. இங்கிலாந்தில் ஐசாக் வோல்ற்றன் என்பவர் தூண்டிற்கலை பற்றி எழுதிய புத்தகம் 1653இல் வெளிவந்து இன்றும் அச்சில் இருக்கிறது. அவர் பெயரில் ரொறன்ரோப் பகுதியில் 1971இல் தொடங்கிய ஒரு கழகமே உண்டு. எமது பக்கத்துக்கும் இது முழுக்க அந்நியமில்லை. ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ட்றவுட் மீன் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் குஞ்சு விட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியிலும் எச்.சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் குஞ்சுப் பண்ணை அமைத்தார். அந்த மலைகளில் தேயிலை பறித்த எம்மவருக்கு அது துரைமாரின் பொழுதுபோக்கு. இங்கே அது தொழிலாளிக்கும் உரிய பொழுதுபோக்கு. எங்களுக்குப் பெட்டியைக் காட்டியவரும் மெசின் ஓட்டுபவர்தான்.

குளிர்காலத்தில் என்ன செய்கிறார்கள்?

இங்கே பெரும்பாலான ஆறுகளில் ட்றவுட் பிடிக்க அனுமதிக்கும் காலம் ஏப்ரல் மாத நான்காவது சனிக்கிழமை தொடங்கி செப்ரெம்பர் கடைசியில் முடியும். மிச்ச மாதங்களில் கழகம் தூங்குவதில்லை. பாடசாலை மண்டபத்திலோ நூலகத்திலோ மாலையில் கூடுகிறார்கள். மேசையில் சின்ன இடுக்கியைப் பூட்டி, கொக்கியை அதில் பிடித்து, பூச்சி கட்டப் பழக்குகிறார்கள். சேவலின் கழுத்து இறகு, பெசன்ற் பறவையின் வால், மானின் மயிர், மயிலிறகு எல்லாம் அங்கே இருக்கும். மான் மயிருக்குள் காற்று இருப்பதால் பூச்சி மிதக்கும். மயிலிறகு தண்ணீரில் மினுங்கி மீனை இழுக்கும். கிழவர் ஒருவர் பக்கத்தில் இருந்து பத்து வயதுப் பிள்ளைக்கு முடிச்சுப் போடக் காட்டிக் கொடுப்பார். வின்ரர் வந்தால் வீட்டுக்குள் முடங்கி மனம் சோரும் எமது பெரியவர்களுக்கு இப்படி ஒரு மேசை எவ்வளவு நல்லது!

பணம் எப்படிச் சேர்கிறது?

எமது ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கவனிக்கவேண்டிய பகுதி இது. இத்தகைய கழகங்களுக்குப் பெரிய முதலாளி யாரும் இல்லை. வருடச் சந்தா ஒரு சிறு தொகை. மற்றதெல்லாம் உழைத்துச் சேர்ப்பதே.

முதலாவது, வருடாந்த இராப்போசனமும் ஏலமும். கடைக்காரர்கள் தடி, றீல் போன்றவற்றை இலவசமாகத் தருவார்கள். அங்கத்தவர்கள் குளிர்காலம் முழுக்கக் கட்டிய பூச்சிகளைப் பெட்டியில் அடுக்கிக் கொடுப்பார்கள். அனுபவசாலி ஒருவர், "ஒரு நாள் உங்களை ஆற்றுக்குக் கூட்டிப்போய்ப் பழக்குவேன்" என்று தன் நேரத்தையே ஏலத்துக்கு விடுவார். பொருளுக்குப் பக்கத்தில் ஒரு தாள் இருக்கும். விரும்பியவர் தன் தொகையை எழுதிவிட்டுப் போவார். நேரம் முடியும்போது மேலே நிற்பவருக்குப் பொருள். சத்தமில்லாமல் நடப்பதால் இதனை 'மௌன ஏலம்' என்கிறார்கள். கூச்சப்படுபவரும் பங்குபற்றலாம்.

இரண்டாவது, அதிர்ஷ்டலாபச் சீட்டு. எமது சங்கங்களும் ஒரு விடயம் தெரிந்திருக்கவேண்டும். ஒன்ராறியோவில் இப்படி ரிக்கற் விற்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். சிறிய சீட்டுகளுக்கு அதனை நகரசபையே கொடுக்கும். மூன்றாவது, அங்கத்தவர்களின் பழைய தூண்டிற் சாமான் விற்பனை. நான்காவது, பூச்சி கட்டவும் தூண்டில் வீசவும் கட்டணம் வாங்கிப் படிப்பிக்கும் வகுப்பு.

இதில் எங்களுக்குப் பிடித்தது ஒன்று. கொக்கியும் நூலும் இறகும் சில சதங்கள்தான். அதில் ஒருவருடைய கைவேலை சேரும்போது பணமாகிறது. எமது கலைவிழாக்களில் மண்டபத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் சாப்பாட்டுக்கும் போக மிஞ்சுவது எவ்வளவு என்று செயலாளர்களுக்குத் தெரியும். எமது பெண்களின் தையலும் பலகாரமும், எமது தச்சர்களின் கைவேலையும் இப்படி ஒரு மேசையில் வந்தால் மிஞ்சும் தொகை கூடும். இன்னொன்று: வருடாந்தக் கூட்டத்தில் வரவுசெலவுக் கணக்கைத் தாளில் அச்சடித்து எல்லோர் கையிலும் கொடுக்கிறார்கள். கேள்வி கேட்பவரை யாரும் எதிரியாகப் பார்ப்பதில்லை.

பணம் எங்கே போகிறது?

இந்தப் பணம் ஆற்றுக்கே திரும்பிப் போகிறது. ட்றவுட் குளிர்ந்த தெளிந்த நீரில் வாழும் மீன். கரை மரங்களை வெட்டினால் வெயில் பட்டுத் தண்ணீர் சூடாகும். கரை இடிந்து சேறு வந்தால் சரளைக் கல்லுக்குள் இட்ட முட்டைகள் மூச்சடைத்துச் செத்துப்போகும். அதனால் கழகத்தவர் கரையில் மரம் நடுகிறார்கள். நத்தார் முடிந்து வீதியில் எறியப்படும் மரங்களைச் சேர்த்து ஆற்றோரத்தில் கட்டிப் புதைக்கிறார்கள். அவை சேற்றைப் பிடித்துக் கரையைக் கட்டும். ஆறு ஒடுங்கி வேகமாக ஓடும். கனடா ட்றவுட் அன்லிமிரெட் என்ற பெயரில் இயங்கிவந்த அமைப்பின் ரொறன்ரோக் கிளை, கிரெடிற் ஆற்றில் இத்தகைய வேலைகளைச் செய்துவந்திருக்கிறது. அந்தக் கிளைக்கு கிரெக் கிளார்க் என்ற பத்திரிகையாளரின் பெயர். அவர் முதலாம் உலகப்போரில் விமி மேட்டில் போரிட்டுப் பதக்கம் பெற்றவர். திரும்பி வந்து பத்திரிகையில் சிரிப்புக் கதைகளும் மீன்பிடிக் கதைகளும் எழுதினார்.

மார்க்கத்துக்கு வடக்கே ஸ்ரௌவ்விலில் றிங்வூட் என்ற மீன்குஞ்சுப் பண்ணை இருக்கிறது. மெற்றோ ஈஸ்ற் ஆங்லேர்ஸ் என்ற கழகத்தின் தொண்டர்கள் சம்பளம் இல்லாமல் அதனை நடத்தி, ஒன்ராறியோ ஏரிக்கான சமன், ட்றவுட் குஞ்சுகளை வளர்த்துவருகிறார்கள். இலையுதிர் காலத்தில் முட்டை எடுப்பது, குளிர்காலத்தில் பொரிக்க வைப்பது, தீன் போட்டு வளர்ப்பது, பிறகு ஆற்றில் விடுவது. வீட்டில் கோழிக்குஞ்சு வளர்த்தவர்களுக்கு இந்தப் பாடு விளங்கும்.

ஏன் இவ்வளவு பாடு? ஒன்ராறியோ ஏரியில் அத்திலாந்திக் சமன் ஒருகாலம் மலிந்து கிடந்தது. மில்களுக்காக ஆறுகளை அணைகட்டி மறித்தார்கள், காடுகளை வெட்டினார்கள், அளவில்லாமல் பிடித்தார்கள். சாமுவேல் வில்மற் என்பவர் 1860களில் நியூகாசிலில் குஞ்சுப் பண்ணை தொடங்கிக் காப்பாற்றப் பார்த்தும், 19ஆம் நூற்றாண்டு முடியுமுன் அந்த மீன் ஏரியிலிருந்து அற்றுப்போனது. அதனை மீட்கும் திட்டம் 2006இல் ஆரம்பமானது. சொந்த இடத்திலிருந்து அற்றுப்போன ஒன்றைத் திரும்பக் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்று எமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

எமது ரூஜ் ஆற்றிலும் ஒரு சீவன் இருக்கிறது. ரெட்சைட் டேஸ் என்ற விரல் நீள மீன், பக்கத்தில் சிவப்புக் கோடு. தண்ணீருக்கு மேலே துள்ளிப் பறக்கும் பூச்சியைப் பிடித்துத் தின்னும். அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று சட்டம் அதனைக் காக்கிறது, பிடிக்கக்கூடாது. மார்க்கத்தில் வீடுகள் பெருகப் பெருக அது வாழும் ஓடைகள் குறைகின்றன. அந்த வீடுகளில் எங்களுடையவையும் உண்டு என்பதை நாம் மறக்கக்கூடாது.

நோயாளருக்கும் போரில் அடிபட்டவருக்கும்

மார்புப் புற்றுநோய் வந்த பெண்களுக்காக 1996இல் அமெரிக்காவில் ஓர் அமைப்பு தொடங்கியது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு கையை மெல்ல அசைத்துப் பழகுவதற்கு இந்தத் தூண்டில் வீச்சு உதவுகிறது. முகாமுக்கு வரும் பெண்களிடம் பணம் வாங்குவதில்லை. நன்கொடையே செலவைத் தாங்குகிறது. இந்த வேலை கனடாவுக்கும் வந்தது. 2005இல் வாஷிங்ரனில் உள்ள இராணுவ வைத்தியசாலையில், காயப்பட்ட படையினருக்காக இன்னொரு திட்டம் தொடங்கியது. கை இழந்தவரும் நித்திரை இழந்தவரும் அங்கே பூச்சி கட்டப் பழகினார்கள்.

எமது மக்களில் போரைக் காணாதவர் யார்? செல் சத்தம் இன்னும் காதுக்குள் இருப்பவர்கள் எத்தனை பேர்? "தூண்டிற்காரனுக்கு மிதப்பிலே கண்" என்பார்கள். கண் தண்ணீரில் நிற்கும் அந்த ஒரு மணி நேரம் மனம் வேறெங்கும் ஓடாது. வைத்தியரின் மருந்துக்கு இது மாற்று அல்ல, ஆனால் துணை.

பயமில்லாமல் தூண்டில் போட

கசப்பான விடயம் ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். 2007இல் ஒன்ராறியோவின் பல இடங்களில் மீன் பிடிக்கப் போன ஆசிய வம்சாவளியினர் தாக்கப்பட்டார்கள். தண்ணீரில் தள்ளிவிடப்பட்டார்கள். அவ்வருடம் செப்ரெம்பரில் சிம்கோ ஏரிக்கரையில் நடந்த சம்பவத்தில் ஓர் இளைஞர் மிக மோசமாகக் காயப்பட்டார். ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு விசாரணை நடத்தி 2008இல் 'பயமின்றி மீன்பிடித்தல்' என்ற பெயரில் அறிக்கை வெளியிட்டது. பொலிசாரும் நகரசபைகளும் வேறு அமைப்புகளும் நடவடிக்கை எடுப்பதாக அதில் உறுதி தந்தன.

எங்களில் சிலரும் கரையில் நின்று வசை கேட்டிருக்கிறோம். அதற்காக வீட்டுக்குள் இருந்தால் கரை வசை சொன்னவருக்கே சொந்தமாகிவிடும். அனுமதிப்பத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டு, சட்டம் தெரிந்து, தலை நிமிர்ந்து நிற்கவேண்டும். சட்டத்தை மீறியவரைப் பிடிப்பது மீன்வள அதிகாரியின் வேலை. வழிப்போக்கரின் வேலை அல்ல. யாராவது மிரட்டினால் சண்டைக்குப் போகாமல் விலகி 911ஐ அழையுங்கள். ஒரு கழகத்தில் சேர்ந்தவருக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. அவரை முகம் தெரிந்த நாலு பேர் அந்தக் கரையில் நிற்பார்கள்.

கவனிக்கவேண்டியவை

18 முதல் 64 வயது வரையானோருக்கு 'அவுட்டோர்ஸ் கார்ட்' என்ற அட்டையும் மீன்பிடி அனுமதிப்பத்திரமும் வேண்டும். அட்டை மூன்று வருடம் செல்லும். 18இற்குக் குறைந்தவர்களும் 65உம் அதற்கு மேலும் ஆனவர்களும் கனடாவில் வசிப்பவராயின், பிறந்த திகதி உள்ள அரசாங்க அடையாள அட்டை போதும். வந்து ஆறு மாதம் ஆகாதவர்கள் 'வதிவாளர்' கணக்கில் வராமல் போகலாம்; முதலில் விசாரியுங்கள்.

பெப்ரவரியில் குடும்ப தினம், மேயில் அன்னையர் தினம், யூனில் தந்தையர் தினம் ஆகியவற்றின் வார இறுதிகளிலும், கோடையில் ஒரு வாரமும் கனடாவில் வசிப்பவர்கள் அனுமதிப்பத்திரம் இல்லாமல் பிடிக்கலாம். மற்றச் சட்டங்கள் அப்போதும் பொருந்தும்.

தடி வாங்கக் காசு இல்லையா? 'ரக்கிள்ஷெயார்' என்ற திட்டத்தில் சில நூலகங்களும் பூங்காக்களும் தூண்டிலை இரவல் தருகின்றன.

செப்ரெம்பர், ஒக்ரோபரில் ஹைலண்ட் கிறீக்கிலும் போர்ட் ஹோப்பிலும் சமன் மீன்கள் கூட்டமாக மேலேறும். பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். கையால் பிடிப்பதும், உடம்பில் கொக்கி கொளுவி இழுப்பதும் குற்றம்.

பிடித்ததைக் குழம்பு வைக்குமுன், எந்த ஏரியில் எந்த அளவு மீனை மாதம் எத்தனை தடவை சாப்பிடலாம் என்ற அரசாங்க வழிகாட்டியைப் பாருங்கள். பெரிய மீனில் பாதரசம் கூட. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அளவு குறைவு.

பிடித்த மீனைத் திரும்ப விடுவது எமக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். கிரெடிற் ஆற்றின் மேற்பகுதியில் சில இடங்களில் அது சட்டம். முள் இல்லாத கொக்கி, நனைத்த கை, விரைவாக விடுவது: இவ்வளவும் இருந்தால் மீன் பிழைக்கும். அடுத்த கிழமை அதே மீனை உங்கள் மகன் பிடிக்கலாம்.

இந்த வின்ரரில் ஊர்ச் சங்கக் கூட்டம் கூடும்போது இரண்டு விடயங்களைப் பேசுங்கள். ஒன்று, அடுத்த நிதிசேர்ப்பில் ஒரு மௌன ஏல மேசை. மற்றது, வசந்தத்தில் மரம் நடும் ஒரு நாளுக்கு எமது பிள்ளைகளில் பத்துப் பேரை அனுப்புவது. நட்ட மரம் வேர்விடுவதைப் பார்த்த பிள்ளை இந்த மண்ணைத் தன் மண் என்று சொல்லப் பயப்படாது.