போன மின்சாரம் திரும்பும் வழி

லண்டனின் டூட்டிங் பிராட்வே சுரங்க ரயில் நிலையத்தில் வண்டிக்கு நிற்கும்போது கீழே பாருங்கள், மஞ்சள் கோட்டைத் தாண்டாமல். சக்கரம் ஓட இரண்டு தண்டவாளம் போதும். அங்கே கிடப்பது நான்கு. மேடைக்கு எதிர்ப்புறம் ஒன்று, நட்டநடுவில் ஒன்று என இரண்டு அதிகம். ஓரத்தில் இருப்பது மின்சாரம் கொண்டு வருகிறது, சரி. நடுவில் இருப்பது எதற்கு?

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். மின்சாரம் வந்தது, வண்டி அதைத் தின்று தீர்த்தது, கதை முடிந்தது என்றுதான் நினைக்கிறோம். மாதாமாதம் வரும் பில்லும் அப்படித்தான் நினைக்க வைக்கிறது. உண்மையில் மின்னோட்டம் தீர்வதே இல்லை. சைக்கிள் சங்கிலியைப் பாருங்கள். பின்சக்கரத்துக்குப் போகிற சங்கிலி ஒரு கண்ணிகூடக் குறையாமல் பெடலுக்குத் திரும்பி வருகிறது. செலவாவது மிதிக்கிறவரின் தெம்புதான். மோட்டாருக்குள் நூறு ஆம்பியர் போனால் நூறும் வெளியே வந்தாக வேண்டும். பில் போடுவது அது சுமந்து வந்த ஆற்றலுக்கு. திரும்பும் வழி அறுந்தால் வண்டி அசையாது.

ஆக, மின்சார வண்டி எதுவானாலும் திரும்பும் வழி ஒன்று வேண்டும். சென்னையில் 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியபோது, மின்சாரம் மேலே கம்பி வழியாக வந்தது, சக்கரம் ஓடும் தண்டவாளம் வழியாகவே திரும்பியது. செலவு குறைவு. ஆனால் தண்டவாளம் மண்ணோடு ஒட்டிக் கிடப்பதால் கொஞ்சம் மண்ணுக்குள் நழுவி, பக்கத்தில் போகும் இரும்புக் குழாயில் ஏறிக்கொள்ளும். நேர்மின்னோட்டமானால், அது குழாயை விட்டு இறங்கும் இடத்தில் இரும்பு மெல்ல மெல்லக் கரையும்.

இந்த நழுவலுக்கு டூட்டிங் முன்பே ஒரு பதிலைப் பார்த்துவிட்டது. 1903 மே 15 அன்று லண்டன் கவுன்டி கவுன்சிலின் முதல் மின்சார டிராம் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலிருந்து டூட்டிங்குக்கு வந்தது. பிற்காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான இளவரசரும் அதில் வந்தார். தலைக்கு மேல் கம்பியே இல்லை. தெருவில் கம்பி தொங்குவது கவுன்சிலுக்குப் பிடிக்கவில்லை. தண்டவாளங்களுக்கு நடுவே தரையில் ஒரு நீளப் பிளவு, அதற்கடியில் ஒரு கால்வாய், அதற்குள் இரண்டு இரும்புச் சட்டங்கள்: போக ஒன்று, வர ஒன்று. டிராமின் வயிற்றிலிருந்து இறங்கும் ‘கலப்பை’ பிளவுக்குள் நுழைந்து இரண்டையும் உரசிக்கொண்டே வரும். புறநகர்க் கம்பிப் பாதையிலிருந்து டிராம் உள்ளே நுழையும் இடத்தில், ஓர் ஆள் நீளப் பிடி போட்ட கவையால் கலப்பையைத் தள்ளி டிராமின் அடியில் சேர்ப்பார். அழகான ஏற்பாடுதான், ஆனால் தெருத்தெருவாகத் தோண்ட வேண்டும்; பணம் விழுங்கும். 1952இல் லண்டன் டிராம்கள் அத்தனையும் நின்றன.

1926 செப்டம்பர் 13இல் சுரங்க ரயில் டூட்டிங்குக்கு வந்தது. இந்தச் சுரங்கத்தின் உட்சுவரே வார்ப்பிரும்பு வளையம். மின்சாரம் அதில் நழுவினால் என்ன ஆகும் என்று இப்போது நமக்கே தெரியும். அதனால்தான் திரும்புவதற்குத் தனியாக ஒரு நான்காவது தண்டவாளம். இன்னொரு லாபமும் உண்டு: சக்கரம் ஓடும் இரண்டும் சிக்னலுக்கென்று மிஞ்சின. அவற்றில் ஒரு சிறு மின்னோட்டத்தை விட்டு வைத்தால், ரயிலின் அச்சு இரண்டையும் இணைத்த கணமே அங்கே வண்டி நிற்பது தெரிந்துவிடும்.

வெளித் தண்டவாளத்தில் 420 வோல்ட், நடுவில் கழித்தல் 210, இடைவெளி 630. திரும்புகிற வழிதானே என்று நடுவிலுள்ளதைச் சாதுவென்று எண்ண வேண்டாம். மண்ணில் நிற்பவருக்கும் அதற்கும் இடையே 210 வோல்ட் இருக்கிறது. ஆளைக் கொல்ல அது போதும்.